ஏழையென்று எழுதிய கட்டம்

எங்கள் ஆபீசில் அவருக்கு ராசிவ்வம்மா என்று பெயர் வைத்திருந்தார்கள். தெலுங்கில் ‘ராசி இவ்வண்டி’ என்றால் எழுதிக் கொடுங்கள் என்று அர்த்தம். தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி, ஆந்திராவுக்குள் இருந்த மண்டல ஆபீஸ் அது; தமிழ்நாட்டுத் தாலுகா ஆபீஸ் மாதிரி. எந்த ஊர் என்று சொல்லப்போவதில்லை. அந்தப் படியேறி வந்த ஒரு நாளும் அந்த இரண்டு சொல்லைச் சொல்லாமல் அவர் திரும்பியதில்லை. நாளைக்கு வாருங்கள் என்றால், “நாளைக்கு வான்னு எழுதிக் குடு.” சார் மீட்டிங்கில் இருக்கிறார் என்றால், “மீட்டிங்ல கீறார்னு எழுதிக் குடு.” உங்கள் மனு இங்கே வந்து சேரவே இல்லை என்றால், “வரலன்னு எழுதி சீல் வெச்சிக் குடு.” தெலுங்குக்காரர்களிடம் தெலுங்கில் கேட்பார், எங்களிடம் தமிழில் கேட்பார். குரல் உயராது. கவுன்டர் பலகைமேல் நான்கு விரலை வைத்துக்கொண்டு நிற்பார். நாற்காலி காட்டினாலும் உட்கார மாட்டார்.

“குந்திக்கினா நீங்க மறந்துடுவீங்க” என்பார்.

நான் அங்கே கம்ப்யூட்டர் ஆபரேட்டராக இருந்தேன். நிரந்தர வேலை இல்லை, கான்ட்ராக்ட். பழைய பதிவேடுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்றச் சொல்லி என்னைப் போட்டிருந்தார்கள். அவருடைய ஊர் எங்கள் ஊருக்கு அடுத்தது. அவர் காலனி, நான் ஊர்ப்பக்கம், விவசாயக் குடும்பம். எங்கள் வீட்டில் காலனிப் பெண்களை அக்கா என்று கூப்பிடும் வழக்கம் கிடையாது. ஆபீசில் எல்லாப் பெண்களையும் ‘அம்மா’ என்போம். மரியாதை மாதிரியும் இருக்கும், உறவு சொல்லாமல் தப்பித்துக்கொண்ட மாதிரியும் இருக்கும். மனதுக்குள் அப்போது அவரை ‘அவள்’ என்றுதான் நினைத்தேன். இப்போது ‘அவர்’ என்று எழுதுகிறேன். அதனால் ஒன்றும் சரியாகிவிடாது.

இதை எழுத உட்கார்ந்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. யார் யார்மேல் என்று வரிசையாகச் சொன்னால் அதில் என் பெயரும் வரும்.

அவருடைய பெண் ஐந்தாம் வகுப்பு முடித்த வருடம் நடந்ததை எங்கள் பக்கத்தில் இன்றும் சொல்வார்கள். ஆறாம் வகுப்பில் தமிழ் மீடியத்தில் சேர்க்கப் போனார். தமிழ் வாத்தியார் ரிட்டையர் ஆகிவிட்டார், இனி வரமாட்டார், தெலுங்கில் சேர்த்துவிடம்மா என்றார் தலைமையாசிரியர். எத்தனையோ பேர் அப்படித்தான் சேர்த்துவிட்டுப் போயிருந்தார்கள். இவர் மட்டும், “வாத்தியார் வரமாட்டார்னு எழுதிக் குடு, சாரு. நான் சித்தூருக்கு எடுத்துக்கினு போறேன்” என்றார். தலைமையாசிரியர் சிரித்தார். மறுநாளும் போய் நின்றார். அதற்கு மறுநாளும். ஒரு வாரம் கழித்து அந்த மனிதர், இவர் வருவதைப் பார்த்துவிட்டுப் பின்பக்கமாகச் சைக்கிளில் போனாராம். ஆனால் அந்தப் பருவம் முடிவதற்குள் வேறொரு பள்ளியிலிருந்து வாரத்துக்கு மூன்று நாள் தமிழ் வாத்தியார் ஒருவர் வந்தார். பதினோரு பிள்ளைகள் தமிழ் படித்தார்கள். அவர்களில் என் தம்பியும் ஒருவன்.

வாயால் எதையும் சொல்லிவிடும் ஆபீஸ்காரன், அதையே எழுதச் சொன்னால் நடுங்குவான். இது அவருக்கு எப்படித் தெரிந்தது என்று எனக்கு ரொம்ப நாள் விளங்கவில்லை. ஒருமுறை ஃபைல்களை எடுத்துக்கொண்டு சித்தூருக்குப் போனபோது முதல் பஸ்ஸில் அவர் இருந்தார். மடியில் துணிப்பை. பைக்குள் பிளாஸ்டிக் கவரில் காகிதங்கள்.

“வா தம்பி, இங்க குந்து” என்று பக்கத்து சீட்டைக் காட்டினார். பஸ்ஸில் மட்டும் உட்காருவார் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். புத்தூர் தாண்டியதும் ஒரு காகிதத்தை எடுத்து நீட்டி, “இத்தப் படி” என்றார். படித்துச் சொன்னேன். தலையாட்டிக்கொண்டார்.

“மெடிக்கல் ஷாப்புக்காரர் சொன்ன மாதிரிதான் கீது” என்றார்.

அப்போதுதான் விஷயம் தெரிந்தது. அவருக்குத் தமிழ் எழுத்துக்கூட்டிப் படிக்க வரும். தெலுங்கு பேசத்தான் வரும். வருகிற காகிதமெல்லாம் தெலுங்கு. அதனால் ஒவ்வொரு காகிதத்தையும் மூன்று பேரிடம் தனித்தனியாகக் காட்டிப் படிக்கச் சொல்வார். மெடிக்கல் ஷாப்புக்காரர், ஒரு தெலுங்கு வாத்தியார், மூன்றாவது நான்.

“மூணு பேரும் ஒரே மாதிரி சொன்னா நெசம். ஒருத்தர் மாத்திச் சொன்னா வெசாரிக்கணும்.”

எனக்கு ரோஷம் வந்தது. “அப்போ என்னை நம்பலையா?” என்றேன்.

“நம்புனதுனாலதான மூணுல ஒரு ஆளா வெச்சிக்கிறேன்” என்றார்.

அந்தப் பஸ்ஸில்தான் தன் கணவரைப் பற்றிச் சொன்னார். கையகல நிலம் இல்லாத வீட்டிலிருந்து பட்டாளத்துக்குப் போனவர். கல்யாணமாகி ஒரு வருடம் வடக்கே எங்கேயோ குவார்ட்டர்ஸில் வைத்திருந்தார். பெண் பிறந்த பிறகு இவரை ஊருக்கு அனுப்பிவிட்டு, இலங்கைக்குப் போன படையோடு போனார்.

“அவரு லெட்டர்ல எழுதினாரு, தம்பி. இங்க ஜனங்க பேசறது நம்ம பேச்சு மாதிரியே கீது, ஒரு கெழவி என்னப் பாத்து, நீ தமிழாடா, இங்க எதுக்குடா வந்தேன்னு கேட்டுச்சி, எனக்குப் பதில் தெரிலன்னு எழுதினாரு. அதுக்கப்பறம் லெட்டரு வரல. தந்திதான் வந்துச்சி.”

ரொம்பக் கஷ்டமா இருந்திருக்கும் என்று என்னவோ சொன்னேன்.

“கஷ்டம்லாம் இல்ல. கஷ்டம்னா அழுதா போயிடும். இது கோவம். போவ மாட்டேங்குது.” ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். கொஞ்ச தூரம் போனபிறகு அவராகவே தொடர்ந்தார். “அவரு செத்தப்போ ஜீப்புல நாலு பெரிய மனுசங்க வந்தாங்க. வூடு தர்றோம், வேல தர்றோம், பொண்ணக் காலேஜ் வரைக்கும் படிக்க வெக்கிறோம்னு வாயாலயே சொல்லிக்கினு போனாங்க. ஒண்ணும் வரல. காயிதத்துல எது கீதோ அது மட்டும்தான் வந்துச்சி. பென்சனு வந்துச்சி. நெலம் வந்துச்சி. அன்னைக்குப் புரிஞ்சிது எனக்கு.”

அந்த நிலம்தான் எல்லாவற்றுக்கும் காரணம். பட்டாளத்தில் இருந்தவர்களுக்கும், பட்டாளத்தில் செத்தவர்களின் குடும்பத்துக்கும் சர்க்கார் புறம்போக்கில் நிலம் கொடுக்கும் ஒரு விதி ஆந்திராவில் உண்டு. அப்படி இவருக்குக் கிடைத்தது இரண்டரை ஏக்கர். குன்றடியில் வெறும் கல்லும் காரைமுள்ளும். கொடுத்தவர்கள் அதில் ஒன்றும் விளையாது என்று தெரிந்துதான் கொடுத்தார்கள். இவர் ஐந்து வருடம் கல் பொறுக்கினார். பொறுக்கிய கல்லையே எல்லையில் அடுக்கி இடுப்பளவுச் சுவராக்கினார். முதலில் வேர்க்கடலை போட்டார். பிறகு கீழ்ப்பக்கம் மாங்கன்று வைத்தார். கோடையில் பாலாற்றைப் போல வறண்டு கிடக்கும் பூமியில் ஒவ்வொரு கன்றுக்கும் குடத்தில் தண்ணீர் சுமந்தார். நான் பத்தாம் வகுப்புக்கு அந்த வழியாகத்தான் நடந்து போனேன். தலையில் குடமும் கூட நடக்கும் பெண்ணுமாக அவரைப் பார்த்திருக்கிறேன்.

இங்கே சட்டத்தைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ஏழைகளுக்கு சர்க்கார் கொடுத்த நிலத்தை அவர்கள் விற்க முடியாது. சர்க்கார் வேண்டுமென்றால் திரும்ப எடுத்துக்கொள்ளும். பட்டாளத்துக்காரர்களுக்கு மட்டும் விதி வேறு. பத்து வருடம் வைத்திருந்தால் அது கிட்டத்தட்ட அவர்களுடைய சொந்த நிலம்தான். சும்மா ஒரு நோட்டீஸை நீட்டி வாங்கிவிட முடியாது. ஒரே குன்றடியில் பக்கத்துப் பக்கத்துக் காணி இரண்டு வேறு சட்டத்தில் இருக்கும். எது எந்தச் சட்டம் என்பதைத் தீர்மானிப்பது பதிவேட்டில் ஒரு கட்டம். ‘நிலம் வழங்கிய காரணம்’ என்ற கட்டம்.

எங்கள் பக்கத்தில் கம்பெனிகள் வரப்போகின்றன என்ற பேச்சு வந்தபோது எல்லோருக்கும் தலைகால் புரியவில்லை. ஜப்பான்காரன் வருகிறான், கொரியாக்காரன் வருகிறான் என்றார்கள். மெட்ராஸ் நம்பர் போட்ட கார்கள் வரப்பில் நின்றன. தடாவிலிருந்து எங்கள் ஊர்வரை டீக்கடைக்கு ஒரு புரோக்கர். பையன்கள் பைக் வாங்கினார்கள். என் அப்பாவும் ஒரு பகுதியை விற்றார். அதைத் தப்பென்று நான் சொல்லவில்லை. எங்களுடையது பட்டா நிலம். எங்களிடம் வந்து உட்கார்ந்து, காப்பி குடித்து, விலை பேசி வாங்கினார்கள். சர்க்கார் கொடுத்த நிலங்களுக்கு அந்தக் காப்பி இல்லை. அவற்றை எடுத்துக்கொள்ள ஒரு லிஸ்ட் போட்டால் போதும்.

அந்த லிஸ்ட்டை நான் போட்டேன்.

அன்று மாலைக்குள் சித்தூருக்கு அனுப்ப வேண்டும் என்று தாசில்தார் என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார். கெட்ட மனிதர் என்று அவரைச் சொல்லிவிட்டால் எனக்கு வசதி. அப்படி இல்லை. லஞ்சம் வாங்காதவர். யாரையும் அடா புடா என்று பேசாதவர். நான் பழைய பதிவேட்டைப் பிரித்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு எண்ணாக அடித்துக்கொண்டிருந்தேன். ராசிவ்வம்மாவின் சர்வே எண் வந்தது. காரணம் என்ற கட்டத்தில் சிவப்பு மையில், போரில் இறந்த சிப்பாயின் மனைவி என்று தெலுங்கில் எழுதியிருந்தது. பின்னால் வந்த யாரோ ஒரு குமாஸ்தா நகலெடுத்த புதுப் பதிவேட்டில் அதே எண்ணுக்கு நேரே ‘நிருபேத’ என்று இருந்தது. நிலமற்ற ஏழை. மேலே இருந்த பத்து வரிக்கும் அதுவேதான் இருந்தது. கைப்பழக்கத்தில் இதற்கும் போட்டுவிட்டிருந்தான்.

“சார், ரெண்டும் வேற வேறயா இருக்கு” என்றேன்.

குனிந்து பார்த்தார். சிப்பாய் என்று போட்டால் தனி ஃபைல் திறக்க வேண்டும், அந்த அம்மாவின் சம்மதம் வேண்டும், அந்த அம்மா எழுதிக் கொடு என்று நிற்பார், இந்த வருடம் முடியாது. இதையெல்லாம் அவர் வாய்விட்டுச் சொல்லவில்லை. “நிருபேத அனி வேசெய்” என்றார். ஏழை என்றே போட்டுவிடு. பிறகு என் தோளில் கை வைத்து, “ஏழைதானே? பொய்யா என்ன?” என்றார்.

பொய் இல்லை. ஓர் உண்மையை எழுதியே ஒருவரை அழித்துவிட முடியும் என்று அன்று கற்றுக்கொண்டேன். நான்கே எழுத்துச் சொல். அடித்து முடித்து என்டர் தட்டினேன். டீ வந்தது. குடித்தேன்.

அதற்குப் பின் இரண்டு மாதத்துக்குள் திருப்பதியில் ஒரு விழா நடந்தது. பட்டாளத்துக் குடும்பங்களுக்கு மரியாதை செய்யும் விழா. ஒரு கல்யாண மண்டபத்தில் ஏதோ ஒரு சங்கம் நடத்தியது. எங்கள் மண்டலத்திலிருந்து ஜீப்பில் ஆட்களை அழைத்துப்போகும் பொறுப்பை என் தலையில் கட்டினார்கள். இவரும் வந்தார். புடவையை இஸ்திரி போட்டிருந்தார். அவருக்கு இன்னும் நோட்டீஸ் கைக்கு வரவில்லை, ஆனால் லிஸ்ட்டில் ஏழை என்று எழுதிப் போன செய்தி காற்றில் வந்திருந்தது.

மேடையில் வரிசையாக நிறுத்தி சால்வை போட்டார்கள். ‘வீர நாரி’ என்று மைக்கில் கூவினார்கள். வீரப்பெண்மணி. இவர் முறை வந்தது. பெரிய அதிகாரி ஒருவர் சால்வையைப் போர்த்தி, போட்டோவுக்காகச் சிரித்தார். இவர் நகரவில்லை. அதிகாரியின் சட்டைப்பையில் இருந்த பேனாவைக் காட்டித் தெலுங்கில் பேச ஆரம்பித்து, பாதியில் தமிழுக்குத் தாவிவிட்டார். கோபம் தாய்மொழியில்தான் வரும் போலிருக்கிறது.

“இங்க என்ன ஜவான் பொண்டாட்டின்னு கூப்புட்றீங்க. அங்க ஆபீஸ்ல ஏழைன்னு எழுதிக்கினு கீறாங்க. எது நெசம்? ரெண்டுல ஒண்ண எழுதிக் குடுங்க. அது ஏழைன்னு குடுத்த நெலம் இல்ல. என் வூட்டுக்காரர் செத்ததுக்குக் குடுத்தது. பிச்ச இல்ல அது!”

மைக்கை அணைத்தார்கள். அது அணைந்தது அவருக்குத் தெரியாது. உதடு அசைந்துகொண்டே இருந்தது. முன்வரிசையில் சிலர் கை தட்டினார்கள்; நன்றி சொல்கிறார் என்று நினைத்திருப்பார்கள். அதிகாரி தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டுவிட்டு, அடுத்தவரைக் கூப்பிடும்படி சைகை செய்தார். இரண்டு தொண்டர்கள் முழங்கையைப் பிடித்துப் பதமாக இறக்கிவிட்டார்கள். அவ்வளவு பதம். இன்றைக்கு நினைத்தாலும் அந்த விரல்களை ஒடிக்கலாம் போலிருக்கிறது. நான் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். எழுந்து நிற்கக்கூட இல்லை.

நோட்டீஸ் வந்தது. எடுத்துக்கொண்டு நேராக என்னிடம் வரவில்லை. மூன்றாவது நாள்தான் வந்தார். மதிய வேளை, கவுன்டரில் வேறு யாரும் இல்லை.

“அந்த ரெண்டு பேரும் ஒரே மாதிரிதான் படிச்சாங்க. நீயும் படி, தம்பி.”

படித்தேன். ஒரு சொல்லும் மாற்றவில்லை. முடித்ததும் அந்தக் கட்டத்தில் விரல் வைத்தார். “இது இன்னா?”

“நிருபேத. நெலம் இல்லாத ஏழைன்னு அர்த்தம்.”

“யாரு போட்டது?”

“நான்தான் டைப் அடிச்சேன்.”

“பழைய புக்குல இன்னா கீது?”

நான் நோட்டீஸை மடித்து அவர் பக்கம் தள்ளினேன்.

“கீதா, இல்லயா? அத்த மட்டும் சொல்லு.”

“இருக்கு. செவப்பு மைல இருக்கு. சிப்பாய் மனைவின்னு.”

அவருடைய முகத்தில் அப்போது வந்தது சந்தோஷம். அதை என்னால் தாங்க முடியவில்லை. இத்தனை வருடம் தேடிய ஆள் கிடைத்துவிட்ட மாதிரி, பையிலிருந்து ஒரு வெள்ளைத்தாளை எடுத்துக் கவுன்டர்மேல் வைத்தார். அதன்மேல் ஒரு பேனாவையும் வைத்தார்.

“நீ இப்ப வாயால சொன்னியே, அத்தயே எழுதிக் குடு. ரெண்டு வரி. கீழ கையெழுத்து. போதும்.”

“என் வேலை போயிடும், அக்கா” என்றேன்.

அக்கா. அத்தனை வருடத்தில் முதல் தடவை. எனக்கு அவரிடம் ஒன்று தேவைப்பட்டபோதுதான் அந்த உறவு என் வாயில் வந்தது. அவருக்கும் அது கேட்டது. தாளை மடித்தார். பேனாவை மூடினார்.

“சரிங்க சார்” என்றார்.

அதற்குப் பிறகு என்னைத் தம்பி என்று அவர் கூப்பிடவே இல்லை.

நிலத்தை எடுக்க ஜேசிபி வந்த அன்று நான் அங்கே இருந்தேன். ரெவின்யூ இன்ஸ்பெக்டரோடு ஃபைல் தூக்கிக்கொண்டு போக வேண்டியிருந்தது. இரண்டு போலீஸ்காரர்கள். மாமரங்களில் பிஞ்சு விட்டிருந்தது. அவர் மண்ணை வாரித் தூற்றவில்லை, வண்டிமுன் படுக்கவில்லை. எல்லைச் சுவரின்மேல் உட்கார்ந்திருந்தவர் எழுந்து இன்ஸ்பெக்டரிடம் வந்து, “எத்தினி மரம் கீதுன்னு எழுதிக் குடு” என்றார். இன்ஸ்பெக்டர் வேறு பக்கம் பார்த்தார். இவர் போலீஸ்காரரிடம் கேட்டார். என்னிடம் கேட்கவில்லை. என்னைத் தாண்டி, மரத்தைத் தாண்டிப் போவது போலத் தாண்டி, ஜேசிபியிடம் போனார்.

டிரைவர் பீகார்காரன். எங்கள் பையன்கள் மெட்ராஸுக்குக் கம்பெனி வேலைக்குப் போக, இங்கே மண் தள்ள அவ்வளவு தூரத்திலிருந்து அவனைக் கொண்டுவந்திருந்தார்கள். அவனுக்குத் தெலுங்கும் தெரியாது, தமிழும் தெரியாது. அவர் அவனிடம் இந்தியில் பேசினார். குவார்ட்டர்ஸில் இருந்த ஒரு வருடத்தில் கற்ற இந்தி. அவருக்கு இந்தி தெரியும் என்றே எங்களில் யாருக்கும் தெரியாது. அவன் என்ஜினை நிறுத்திவிட்டு இறங்கினான். எவ்வளவு நேரம் பேசினார்கள் என்று ஞாபகம் இல்லை. ‘ஃபௌஜி’ என்ற சொல் மட்டும் எனக்குப் புரிந்தது. பட்டாளத்துக்காரன். அவன் மரங்களுக்குள் நடந்து போய் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணிவிட்டு வந்தான். டீசல் சீட்டைத் திருப்பி, வண்டியின் சக்கரத்தின்மேல் வைத்து இந்தியில் எழுதினான். இன்ஸ்பெக்டர் கத்தினார். அவன் எழுதி முடித்து, ஊர் பெயரோடு கையெழுத்துப் போட்டு, அதை இரண்டு கையாலும் அவரிடம் கொடுத்தான். பிறகு வண்டியில் ஏறி மரங்களைத் தள்ளினான்.

அவருக்கு எழுதிக் கொடுத்த ஒரே ஆள் அவன்தான். கூலிக்கு வந்தவன். அவனுக்கும் வேலை போகும் பயம் இருந்திருக்கும்.

என் கான்ட்ராக்ட் அடுத்த வருடமே முடிந்தது. புதுப்பிக்கவில்லை. எதைக் காப்பாற்ற அந்த இரண்டு வரியை எழுதாமல் விட்டேனோ அது எப்படியும் போய்விட்டது. அம்பத்தூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் சேர்ந்தேன். அவர் கேஸ் போட்டிருப்பதாகக் கேள்விப்பட்டேன். ஒருநாள் திருப்பதி வக்கீல் ஒருவரிடமிருந்து கடிதம் வந்தது. பழைய பதிவேட்டைப் பார்த்ததாக நான் ஒரு பிரமாணப் பத்திரம் கொடுக்க முடியுமா என்று கேட்டிருந்தார். அந்தக் கடிதம் முதலில் என் சட்டைப்பையிலும், பிறகு பெட்டிக்கு அடியிலும் கிடந்தது. பதில் போடவில்லை. அப்போது பறிபோக அந்த ஆபீஸ் வேலைகூட இல்லை. வெறும் பழக்கம். பயந்து பயந்து பழகியவனுக்குப் பயப்படக் காரணம் தேவைப்படுவதில்லை.

நான் இல்லாமலே அவர் ஜெயித்தார். சித்தூரில் பட்டாளத்துக் குடும்பங்களுக்கான ஆபீசில், நிலம் கொடுக்கச் சொல்லி அந்தக் காலத்தில் அனுப்பிய கடிதத்தின் கார்பன் காப்பி ஒன்றை ஒரு பழைய குமாஸ்தா தேடி எடுத்துக் கொடுத்தாராம். இவர் சிப்பாயின் மனைவிதான், நிலம் அந்த வகையில் கொடுத்ததுதான், பதிவேட்டைத் திருத்துங்கள் என்று உத்தரவு வந்தது. திருத்தினார்கள். நிலத்தைத் திருப்பிக் கொடுக்க முடியாது, அங்கே வேலை நடந்துவிட்டது, அதற்கு ஈடு வாங்கிக்கொள்ளுங்கள் என்றும் அதே உத்தரவில் இருந்தது. இப்போது அங்கே காம்பவுண்டுச் சுவர் இருக்கிறது. உள்ளே லாரிகள் நிற்கின்றன. இரண்டரை ஏக்கர் லாரி நிறுத்த எடுத்த அவசரத்துக்குத்தான் அன்று மாலைக்குள் லிஸ்ட் போக வேண்டியிருந்தது.

போன வருடம்தான் நான் அவரைப் பார்க்கப் போனேன். மகள் சூளூர்பேட்டையில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸ். அங்கே வாடகை வீட்டில் அவரும் இருக்கிறார் என்று தம்பி சொன்னான். பகல் ஒரு மணி இருக்கும். கதவைத் திறந்தவர் என்னை உடனே அடையாளம் கண்டுகொண்டார். தலை முழுக்க நரைத்திருந்தது. மற்றபடி அதே நிமிர்வு.

“வாங்க சார்” என்றார்.

ரயிலில் வரும் வழியெல்லாம் தயார் செய்த பேச்சு ஒன்று இருந்தது. வாசலில் நின்றபடியே அதைச் சொன்னேன். அன்று எழுதிக் கொடுக்காததையும், வக்கீல் கடிதத்துக்குப் பதில் போடாததையும், எல்லாவற்றையும். மன்னித்துவிடுங்கள் என்றும் சொன்னேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். கேட்டுவிட்டு, “துன்னீங்களா?” என்றார்.

இல்லை என்று தலையாட்டினேன். உள்ளே அழைத்துப் பாய் போட்டார். தட்டு வைத்துச் சோறு போட்டார். கத்திரிக்காய்க் குழம்பு. எனக்கு மனம் இளகிக்கொண்டே வந்தது. முடிந்தது, எல்லாம் முடிந்தது என்று நினைத்தபடி முதல் கவளத்தை வாயில் வைத்தேன்.

“சோறு போட்டுட்டா மன்னிச்சிட்டேன்னு நெனச்சிக்கினு போவாதீங்க, சார்” என்றார். எதிரில் சுவரோரமாக நின்றுகொண்டிருந்தார். “பசியோட வந்தீங்க, போட்டேன். அது வேற, இது வேற.”

நான் மெல்லுவதை நிறுத்தினேன்.

“என் பொண்ணுகூடச் சொல்லுது, உட்டுடும்மா, கேசுதான் ஜெயிச்சிட்டியேன்னு. இன்னாத்துக்கு உடணும்? நெலத்த லிஸ்ட்ல சேத்துக்கினீங்க. என் வூட்டுக்காரர லிஸ்ட்லேர்ந்து எடுத்துட்டீங்க. இந்தக் கோவம் ஒண்ணுதான் யாரு கையிலயும் மாட்டாம என்கிட்ட கீது. இதையும் உங்க கையில குடுத்து உங்கள நல்லபடியா வழியனுப்பணுமா?”

கையைக் கழுவிக்கொண்டு எழுந்துவிடலாமா என்று பார்த்தேன். அவர் என் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“சோத்த வீணாக்காம துன்னுங்க” என்றார்.

குனிந்துகொண்டு சாப்பிட்டேன். ஒரு பருக்கை விடாமல் சாப்பிட்டேன். பாதியில் அவர் அடுப்படிக்குள் போய் ரசப் பாத்திரத்தோடு வந்து, என் முகத்தைப் பார்க்காமல், ஊற்றினார்.